சம்பந்தி வீட்டுச் சரிவுக்குச் சான்றிதழ் மறுத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. போன வாரத்திலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே தபாலில் எழுதுகிறேன். தபாலைப் பாதியில் துண்டிக்க முடியாது என்ற தைரியம்தான்.

உங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவு போன மழையில் நழுவிச் சமையலறை ஜன்னல் வரை வந்ததும், தெருக்காரர்கள் கூடி அங்கே ஒரு மண்சுவர் எழுப்பத் தீர்மானித்ததும், பஸ் டிப்போவைக் கட்டி மேய்த்த அனுபவத்துக்காகத் தங்களைத் தலைவராக்கியதும் நல்ல காரியங்கள். மண்ணைக் கொட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் வலையை விரித்து, மறுபடி மண்ணைக் கொட்டி அமுக்கி, இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் மண் சரியாமல் நிற்கும். அந்த வலை தாங்குமா என்று சோதித்துச் சான்றிதழ் தருவது எங்கள் ஆய்வகம். அதில் கையெழுத்துப் போடுகிறவன் நான். இதுதான் நம் இரு குடும்பத்துக்கும் வந்த சோதனை. உங்கள் வலை வந்து இறங்கிய அன்றே மேலாளரிடம் போய், "இது என் சம்பந்தி தெரு சார், வேற யாராவது பாக்கட்டும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்க பொண்ணு அந்த வீட்லதானே இருக்கு? அப்ப உங்களைவிட ஒழுங்கா யாரு பாப்பாங்க?" என்று சொல்லிவிட்டார்.

முதல் சோதனையில் வலையை இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே கடிக்கவைத்து, அறுந்துபோகும்வரை இழுத்தோம். சொன்ன பலத்தைத் தாண்டித்தான் அறுந்தது. அதை நான் சாப்பாட்டு மேசையில் வாய்தவறி மனைவியிடம் சொல்ல, அவள் மகளிடம் சொல்ல, மகள் மாமியாரிடம் சொல்ல, நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் தாங்கள் போனில், "பாஸாமே, எப்ப கையெழுத்து?" என்று கேட்டீர்கள். இன்னும் சோதனை பாக்கியிருக்கிறது என்று நான் சொன்னது தங்கள் காதில் ஏறவில்லை. மறுநாளே ஆட்களை விட்டு அடுக்குப் போட ஆரம்பித்தது மட்டுமில்லாமல், என்ன இழுத்தடிக்கிறான் இவன் என்று பார்க்க நேரிலேயே ஆய்வகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அங்கே இதே ரக வலையின் பட்டைகள் எடை கட்டப்பட்டுப் போன வருஷத்திலிருந்து தொங்குகின்றன. தாங்கள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவற்றின் எதிரில் உட்கார்ந்தீர்கள். வெகுநேரம் கழித்து எங்கள் இயந்திரக்காரரைக் கூப்பிட்டு, "என்னங்க, ஒண்ணுமே நடக்கலியே?" என்றீர்கள். நாங்கள் 'இழுவை' என்று அழைக்கும் அந்த மனிதர், "ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதாங்க பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். பாரம் ஒரேயடியாக அறுப்பதில்லை, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல நீட்டித் தளர்த்திவிடும், சுவர் நம் காலத்துக்குப் பிறகும் நிற்க வேண்டுமல்லவா என்று நான் விளக்கினேன். தாங்கள் எழுந்து, "எங்க டிப்போவிலும் சில பேர் இப்படித்தான் தொங்கிக்கிட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. வலையின் ஒரு முனையை வாசல் கேட்டிலும் மறுமுனையைத் தங்கள் காரின் பின்பக்கத்திலும் கட்டி, காரை முடுக்கச் சொல்லி மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டீர்கள். கார் நகர்ந்தது, கேட் பெயர்ந்து கொஞ்ச தூரம் கூடவே வந்தது, அதற்குப் பிறகு காரின் பின்பக்கத் தகடு காரோடு வரவில்லை. வலைக்குக் கீறல்கூட இல்லை. தாங்கள் அதைப் படமெடுத்துக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பி, "வீடே பேந்தாலும் வலை பேராது" என்று கீழே எழுதியிருந்தீர்கள். வீடு பேரக் கூடாது என்பதற்காகத்தான் சம்பந்தி, நாம் வலையே வாங்குகிறோம். இதைச் சொன்னதற்கு என் மனைவி என்னை முறைத்தாள். அவர் கேட் போன துக்கத்தில் இருக்கும்போது இது தேவையா என்றாள்.

கடைசிச் சோதனைதான் வினையாயிற்று. உங்கள் தெருவில் மண்ணுக்குப் பதில் கொட்டியிருக்கும் அதே ஜல்லியை வரவழைத்து, அதற்கடியில் வலையைப் புதைத்து, மேலே ரோலரை ஓட்டி, பிறகு கையால் தோண்டி எடுத்தோம். உடைத்த ஜல்லியின் முனைகள் வலையின் நரம்புகளை அங்கங்கே வெட்டியிருந்தன. மறுபடி இழுத்துப் பார்த்தால் பலம் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. கடையில் இருக்கும் வலை வேறு, கல்லுக்கடியில் போன வலை வேறு. சுவரைத் தாங்கப் போவது இரண்டாவது. தாங்களும் வலை விற்ற வியாபாரியும் சேர்ந்து வந்த அன்று இதை மேசைமேல் விரித்துக் காட்டினேன். வியாபாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மண்ணுக்குள்ள போயிட்டா யாருங்க பாக்கப் போறா?" என்றார். தாங்கள் அந்த அறுந்த நரம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "சொந்தக்காரன்னு ஒரு கையெழுத்து போடமாட்டீங்களா?" என்றீர்கள். மாட்டேன் என்றேன். வந்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனீர்கள்.

ஆகவே என் நிலையை எழுத்தில் தெரிவிக்கிறேன். இந்த ஜல்லியோடு இந்த வலைக்குச் சான்றிதழ் கிடையாது. போட்ட அடுக்குகளைப் பெயர்க்க வேண்டும். கனமான வலை வாங்குங்கள், இல்லையென்றால் ஜல்லியை அகற்றி மணற்பாங்கான மண்ணைப் போடுங்கள். அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருப்பது என் மகள் படுக்கும் அறை. தங்கள்மேல் எனக்குப் பகை இருந்தால், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மகளை மட்டும் இங்கே கூட்டி வந்திருப்பேன். பகை இல்லாததால்தான் இத்தனை வம்பு. மழை பிடிப்பதற்குள் வேலை முடியாவிட்டால் நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குங்கள். மாடியறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். மனைவி காரணம் கேட்கவில்லை, ஆனால் பீரோவை நானே நகர்த்த வேண்டியதாயிற்று.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் தெரு மொத்தமும் இருக்கிற இடத்திலேயே இருந்து நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மகள் போன் செய்தாள். அன்று ஆய்வகத்திலிருந்து திரும்பிய கையோடு தாங்கள் அடுக்குகளையெல்லாம் தோண்டவைத்து, உள்ளே இருந்த வலையைத் தெருக்காரர்களுக்கு விரித்துக் காட்டி, அத்தனை சுருளையும் வியாபாரியின் கடை வாசலிலேயே இறக்கிவிட்டு வந்தீர்களாம். கனமான வலைக்கும் சொல்லியாயிற்றாம். "அப்புறம் ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன். "மாமாதாம்பா சொல்லக் கூடாதுன்னார். போனை எடுக்கலைன்னா உங்கப்பா உக்காந்து நீளமா ஒரு கடிதம் எழுதுவாரு, அதைப் படிச்சுட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னார்" என்றாள். ஆகவே மேலே எழுதியுள்ள எதற்கும் இனி அவசியமில்லை. உறையைப் பிரித்து இதைச் சேர்த்து மறுபடி ஒட்டி அனுப்புகிறேன். புது வலையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பிவையுங்கள். தேறினால் போன் செய்கிறேன். தேறாவிட்டால் கடிதம் எழுதுகிறேன்.