ஒரே குழியில் ஒற்றுமை

"ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு வேணும். முழு வீடு."

இந்த வாக்கியத்தை மட்டும் எந்தக் கூட்டத்திலும் சொல்லிவிடக் கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் ஹேமநாதன் எனக்கு அன்புடன் அறிவுறுத்தியிருந்தார்.

"நீ தோட்டத்துப் புள்ளதான், மறுக்கல. ஆனா இப்ப கம்பெனி ஸ்டாஃப். ஸ்டாஃப் வீடு கேக்க மாட்டாங்க, கொரெட்டி."

நேற்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று விளக்குவதற்கு முன், மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்றைக் கைகூப்பி வணங்கிக்கொள்கிறேன்.

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனிதன் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது, ஒரே குழியில் மூன்று பனைகளை நடுவது.

நரிவால் பனை பிறவியிலேயே ஒண்டிக்கட்டை. ஒரு விதை, ஒரு தண்டு, ஒரு கொண்டை. இந்தச் சுயநலத்தை வீடு கட்டி விற்கும் எங்கள் நிறுவனம் திருத்தியது. வளர்ந்த மரங்கள் மூன்றை எடுத்து, வேரோடு சேர்ந்த மண்ணைச் சீவி, ஒரே குழியில் இறக்கி, இடுப்பில் கயிறு கட்டினால் அது 'குடும்பப் பனை'. கோலா சாவா பக்கம் எங்கள் பிரெண்டன் தோட்டத்து எண்ணெய்ச் செம்பனைகளை அழித்துவிட்டு எழும் புதிய வீடமைப்புத் திட்டத்தின் வாசலில் அதை நட்டார்கள். ஒய்.பி. என்று அழைக்கப்படும் மாண்புமிகு மக்கள் பிரதிநிதி ஒருவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். மண்ணைத் தொடாமல் மண்ணை நேசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது தோட்டக்கலை. படித்த தோஷத்தால் ஒரு சந்தேகம் எழுப்பினேன்.

"சார், கன்னா இருக்கும்போதே சேத்து நட்டா, ஒண்ணுக்கொண்ணு வளைஞ்சு இடம் விட்டு வளரும். வளந்த மரத்த வேர வெட்டி நெருக்கினா, ஒண்ணு எல்லாத்தையும் உறிஞ்சிக்கும், மத்தது செத்துப்போகும். கூட்டமா வேணும்னா செவப்புத் தண்டுப் பனை, பினாங் மேரா நடலாம். அதுவா கொத்துக் கொத்தா வளரும்."

"பினாங் மேரா மந்தின் டவுன்ல சாப்பாட்டுக் கடை வாசல்ல கூட நிக்குது. கன்னு வளர்ற வரைக்கும் ஒய்.பி. காத்திருப்பாரா லா?"

நியாயம்தானே. வேர் என்ன, திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கவா போகிறது?

கொஞ்ச நாளில் மூன்றில் குட்டையானது மஞ்சளடித்தது. நிறுவனம் கலங்கவில்லை. பச்சை வர்ணம் வாங்கி அடித்தார்கள். மரம் அன்று மாலையே குணமானது.

இந்த மருத்துவ வெற்றியை மனிதர்களுக்கும் விரிவுபடுத்துவது என்று மேலிடம் தீர்மானித்தது. தோட்டத்தை வாங்கியபோது, லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்குத் தலா ஒரு வீடு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். இப்போது அது வளர்ச்சியடைந்து 'குடும்பக் கொத்து' ஆகிவிட்டது: மூன்று குடும்பத்துக்கு ஒரு வீடு. எங்கள் கொத்தில் நானும் அம்மாவும், பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா குடும்பம், லாரி ஓட்டும் தேவன் அண்ணன் குடும்பம். அடுத்த வாரம் லயத்தை இடிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் போட்டு இந்தத் தத்துவத்தின் சிறப்பை விளக்கும் பொறுப்பு எனக்கு.

"நீ சொன்னா நம்புவாங்க. நல்லபடியா சொல்லு, வேல நிரந்தரம்" என்றார் ஹேமநாதன்.

கூட்டம் குடும்பப் பனையின் நிழலில் நடந்தது. நிழல் போதாததால் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கறிபாப் பலகாரம்.

"நம்ம ஆளுங்ககிட்ட ஒத்துமை இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று தொடங்கினார் ஹேமநாதன். "கம்பெனி அத கட்டியே குடுக்குது!"

"சமைக்கக் குசினி எத்தன?" என்று கேட்டார் ராக்கம்மா அக்கா.

"ஒண்ணு. விசாலமானது."

"கக்கூசு?"

"ஷேரிங்."

"மூணு வீட்டுக்கும் ஒரே நேரத்துல வயித்தக் கலக்குனா?"

"டைம்டேபிள் போட்டுக்கலாம் அக்கா."

"வயித்துக்கு நீ படிச்சுக் காட்டுவியா?" என்றார் தேவன் அண்ணன்.

சிரிப்பு அடங்கவில்லை. ராக்கம்மா அக்கா சிரித்தபடியே பக்கத்திலிருந்த குட்டைப் பனையின் மட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்துக்காகக் காலையில் மறுபடி பூசிய வர்ணம் ஒட்டி உள்ளங்கை பச்சையாகிவிட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொரெட்டி, நீ வந்து விளக்கும்மா" என்று ஹேமநாதன் அவசரமாக ஒலிவாங்கியை நீட்டினார்.

செம்பனைக் காட்டில் வளர்ந்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோஞ்சான் கன்றைக் கண்டால் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். வராவிட்டால் உயிர் இருக்கிறது. பட்டம் வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை. குட்டை மரம் என் தலை உயரம்தான். இழுத்தேன்.

சேற்றில் செருகிய குச்சி மாதிரி கையோடு வந்தது. அடிக்குருத்து அழுகி நாறியது. முன்வரிசையில் கறிபாப்பைக் கீழே வைத்தார்கள்.

"செத்த மரத்துக்கா பெயிண்ட் அடிச்சீங்க?" என்றார் தேவன் அண்ணன்.

"ஒண்ணுதானே போச்சு! மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு!" என்று ஹேமநாதன் கத்தினார்.

ராக்கம்மா அக்கா பச்சைக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்ப எங்க மூணு குடும்பத்துல யாரு போகணும்? அதையும் சொல்லிடு தம்பி."

அப்போதுதான் ஒலிவாங்கியில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு வேணும். முழு வீடு.

"மைக்க குடு! வேல வேணுமா வேணாமா, வீட்டுக்குப் போய் யோசி."

"வீட்டுக்குத்தான் போறேன் சார்."

"எந்த வீடு? அடுத்த வாரம் புல்டோசர் வருது!"

யோசிக்க ஒன்றுமில்லை. இடம் மாறுவதற்காக அம்மா கட்டி வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் காலையிலேயே பிரித்து, சட்டி பானையைப் பழைய இடத்தில் அடுக்கி, உலை வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தேன். புல்டோசர் வரும்போதும் அடுப்பு எரியும். நிறுவனத்தின் சின்னம் போட்ட தொப்பியைக் கழற்றி, அழுகிய குருத்தோடு அவர் நாற்காலியில் வைத்துவிட்டுக் கூடாரத்தை விட்டு நடந்தேன்.

இருந்தாலும் கண்டுபிடிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். உயிரோடு இருக்கும் மூன்றை ஒரே குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, தண்ணீர் தெளித்து, கைதட்டலும் வாங்குவது லேசான காரியமா? அதை அவர்கள் நடுவது என்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் அதற்குப் புதைப்பது என்று பெயர்.