நெஞ்சில் சந்தனம் பூசிய சாமி

சுங்காய்,
ஞாயிற்றுக்கிழமை

வனவிலங்கு இலாகாவில் கூண்டு லோரி ஓட்டும் அன்பு மச்சான் தர்மாவுக்கு, உன் அக்கா புருஷன் சன்னாசி எழுதுவது.

நானும் உன் அக்கா செல்லாயியும் நலம். ஈப்போவில் நீயும் குமுதாவும் பிள்ளைகளும் நலமாக இருக்க முனியாண்டி சாமி துணை என்று எழுத வந்தேன், ஆனால் சாமிதான் இப்போது பிரச்சினையே. வாட்ஸ்ஆப்பில் சொன்னால் கோயில் குரூப்புக்குப் போய்விடும். போன மாதம் என் மூலநோய் அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது.

ஆளில்லாமல் காடாகிக் கிடந்த பழைய ரப்பர் தோட்டத்தை ஏதோ கம்பெனி டுரியான் நடவென்று மொட்டையடித்துவிட்டது. அங்கே குடியிருந்த விலங்குகளெல்லாம் நம் தாமான் வீட்டு வரிசைக்குள் வந்துவிட்டன. குரங்கு அடுப்படியில் புகுந்து தோசையை மட்டும் எடுத்துக்கொண்டு சட்னியை விட்டுப் போனது, உன் அக்காவுக்கு அதுதான் கோபம். காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிளறிவிட்டது. கக்கூசில் உடும்பு உட்கார்ந்திருந்தது, நான் வெளியே என் முறைக்கு நின்றேன். மிச்சமிருப்பது முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஓடையோர மரங்கள்தான். அவற்றையும் கோயிலையும் அடுத்த வாரம் தள்ளப் போகிறானாம் கம்பெனி சூப்பர்வைசர். கெஞ்சிப் பார்த்தோம், போனை நோண்டிக்கொண்டே கேட்டான்.

இந்த நேரம் பார்த்து சாமி சாப்பிட ஆரம்பித்தார். நான் பூசாரியான நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை படைக்கிற ஸ்டவுட் பீரையும் கோழிக்கறியையும் சாமி தொட்டதில்லை, மறுநாள் நான்தான் தொடுவேன். இப்போது போய்ப் பார்த்தால் இலை வழித்துக் கிடக்கிறது, போத்தல் காலி, சுருட்டை மட்டும் கடித்துத் துப்பியிருக்கிறது. அந்தியில் விளக்கேற்றப் போன காளியம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அண்ணே, சாமி எழுந்து நிக்குதுலா. கருப்பா, குட்டையா. நெஞ்சுல சந்தனம் பூசியிருக்கு."

அன்றிலிருந்து லூமுட்டிலிருந்தெல்லாம் சாமியைப் பார்க்க ஜனங்கள் வேன் பிடித்து வருகிறார்கள். நான் ஒளிந்திருந்து பார்த்தேன். கரடி, மச்சான். சந்தனம் என்றது அதன் பிறவி மஞ்சள் பட்டை. விலா எலும்பு தெரிய மெலிந்திருக்கிறது, தின்ன காட்டில் எதுவும் மிச்சமில்லையே. என் பங்கு ஸ்டவுட்டைக் குடித்துவிட்டு என் பக்கமே திரும்பி ஏப்பம் விட்டது.

இதில் உன் அக்கா, வருகிற வெள்ளி சாமிக்குக் கையால் ஊட்டப் போகிறாளாம். எனக்கு ஒருநாளும் ஊட்டியதில்லை. சிரிக்காதே, அதன் நகம் என் விரல் நீளம், எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. கரடி என்று வாய் திறந்தால் சாமி குத்தம் என்று என்னைத்தான் அடிப்பார்கள். வெள்ளிக்கு முன்னால் கூண்டோடு வந்து சத்தமில்லாமல் கொண்டுபோய்விடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி, குமுதாவுக்கு அக்காவின் அன்பு. முனியாண்டி, அதாவது அசல் முனியாண்டி, உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சன்னாசி

பின்குறிப்பு: கூண்டு வேண்டாம். கடிதத்தை ஒட்டும் முன்னே சேதி வந்தது. கோயிலை அளக்க வந்த சூப்பர்வைசர் முன்னால் கரடி எழுந்து நின்றிருக்கிறது. மனுஷன் பெரிய ரோடு வரை ஓடியிருக்கிறான், மண்வாரி ஓட்டுகிறவன் அவனுக்கும் முன்னால். சாமி நடமாடுகிற இடத்தைத் தொட மாட்டோம் என்று மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மரமும் கோயிலும் தப்பின. உன் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "கரடின்னு எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கிட்டு இருங்கலா," என்றாள். கிட்டே போகமாட்டேன், இலையை வைத்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தாள். நீ தனியாக வா, தேன் மட்டும் நிறையக் கொண்டு வா. சாமியைத் தேனுக்குப் பழக்கினால்தான் ஸ்டவுட் எனக்குத் திரும்பும்.