ஒரு பானைக்கு மூன்று ஊர்

ஒரு நாட்டை ஒன்பதே நாளில் ஓட்டாண்டியாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. நான் சண்டை போடவில்லை, வரியை ஏற்றவில்லை, யாரையும் பகைத்துக்கொள்ளவும் இல்லை. பேரம் பேசினேன், அவ்வளவுதான்.

பேரம் எனக்குக் கைவந்த கலை. பிறந்த வீடு ஆத்தூர். அங்கே சொந்தக்காரர்கள் கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பினால் காரில் முதலில் ஏற்றுவது என்னைத்தான். (இடம் போதவில்லை என்றால் கல்யாணப் பெண்ணை அடுத்த காரில் வரச் சொல்லிவிடுவார்கள்.) கடைக்காரர் சொன்ன விலைக்கே ஒரு பொருளை வாங்கிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இந்தத் திறமையோடு ஓர் ஐப்பசி மாதம் கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் சேகருக்கு மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊரில் டூவீலர் மெக்கானிக் வேலை. தங்கமான மனிதர். ஆனால் யார் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருவார். அந்தக் குறையை ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. அவருக்குச் சொந்தமாக ஒரு சாம்ராஜ்யம் இருந்தது.

செல்போனில் ஆடும் ஆட்டம் அது. மலையில் ஏழு பேர் சேர்ந்து ஆடினார்கள், ஆளுக்கொரு நாடு. ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம்தான். என்ன கட்ட வேண்டும், யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லார் நாட்டிலும் ஒரே நேரத்தில் அது நடந்திருக்கும். இப்படியே ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் சாதிக் பாய் எங்கள் கூட்டாளி. நாகலூரில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் பழனிச்சாமி அண்ணன் எங்கள் பரம எதிரி. (இரண்டு பேரும் எங்கள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டுப் போனவர்கள்தான்.)

தை மாதம் சேகர் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். போக, வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் செல்போனைத் தொடுவதில்லை, ஆட்டத்தை நினைப்பதுகூட இல்லை என்று முருகனிடம் வேண்டுதல். வேண்டுதலை நிறைவேற்ற வேண்டும், நாடும் அழியக் கூடாது. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் செல்போனை என் கையில் கொடுத்து, எனக்குப் பட்டாபிஷேகம் செய்து வைத்தார்.

அப்போதுதான் நாட்டை முதன்முதலாகப் பார்த்தேன். நான்கு ஊர்கள். ஒன்றுக்கு வெள்ளக்கடை என்று பெயர். ஒன்று மாமியார் பெயரில், ஒன்று ஒர்க்‌ஷாப் பெயரில். நான்காவது, மலையோரத்தில் சின்னதாக ஒரு புது ஊர். அதன் பெயர் கோமதிபுரம். கோமதி என்பது நான். கல்யாணத்துக்கு மறுநாள் கட்டினாராம். எனக்கு வெட்கமும் வந்தது, பெருமையும் வந்தது. எட்டி நின்று பார்த்த மாமியார், “ஊட்டுல ஒரு அலமாரி அடிக்கச் சொல்லி மூணு மாசமாச்சு, அங்க ஊரே கட்டியிருக்கறானா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு சேகர் ஆராய்ச்சி என்ற ஒன்றை விளக்கினார். ஊர்களில் இருக்கும் படித்தவர்கள் தினமும் கொஞ்சம் அறிவு சேர்ப்பார்கள். அதைப் பாயிண்ட் என்று சொல்லுவார்கள். ஒவ்வொரு வித்தைக்கும் இத்தனை பாயிண்ட் என்று ஒரு விலை. அது நிரம்பினால் வித்தை நமக்கு வந்துவிடும். நாகலூர் ரைட்டர் குதிரைப் படையை எல்லையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதைத் தடுக்க எங்களுக்கு வெடிமருந்து வித்தை வேண்டும்.

“வெடிமருந்துக்கு எண்ணூறு பாயிண்ட்டு. அறுநூத்தி இருபது சேந்துருச்சு. தெனம் முப்பது வருது, ஆறே நாளு. வந்ததும் கோட்டை மேல துப்பாக்கிக்காரங்க தானா வந்து நின்னுக்குவாங்க. நீ ஒண்ணும் பண்ண வேண்டாங் கண்ணு. காத்தால இந்தப் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்குனாப் போதும்.”

கல்யாணமாகி அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அதில் மட்டும் சொதப்பிவிடக் கூடாது என்று எனக்கு அப்படி ஒரு வைராக்கியம் வந்தது. சும்மா அமுக்கிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

முதல் நாள் அமுக்கினேன். அறுநூற்று ஐம்பது. இரண்டாம் நாள், நாட்டு நிர்வாகத்தில் கொஞ்சம் அக்கறை காட்டலாமே என்று ஆராய்ச்சிப் பக்கத்தைத் திறந்தேன். திறந்தால் வரிசையாக வித்தைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. வெடிமருந்து எண்ணூறு. கீழே ஓர் ஓரத்தில் மண்பாண்டம் செய்யும் வித்தை, வெறும் தொண்ணூறு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து மாதமாக ஆளுகிற நாட்டில் ஒரு பானை செய்யத் தெரியவில்லை. இத்தனை ஜனங்கள் எதில் சோறாக்குகிறார்கள்? தவிர, எண்ணூறு கொடுத்து ஒரு பொருள் வாங்குவது என்ன சாமர்த்தியம்? கையில் இருக்கும் அறுநூற்று ஐம்பதுக்குத் தொண்ணூறு மேனிக்கு ஏழு வித்தை வாங்கலாமே. ஆண்பிள்ளைகள் கடைக்குப் போனால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மண்பாண்டத்தைத் தொட்டேன். சிவப்பாக ஏதோ நான்கு வரி ஆங்கிலத்தில் வந்து, சரியா என்று கேட்டது. (பி.காம். படித்தவள்தான். ஆனால் செல்போன் கேட்கும் கேள்வியை எந்தப் பட்டதாரி படித்துப் பார்க்கிறார்?) சரி என்று அமுக்கினேன்.

அறுநூற்று ஐம்பது, பூஜ்யமாகிவிட்டது.

அட்வான்ஸாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, பொருள் வந்ததும் மீதியைக் கொடுப்பார்கள் என்று நம்பினேன். மூன்று நாள் கழித்துப் பானை வந்தது. மீதி வரவில்லை. அது மட்டுமில்லை, பட்டியலில் அத்தனை பொருளின் விலையும் ஏறியிருந்தது. வெடிமருந்து எண்ணூற்று முப்பது. ஒவ்வொரு வித்தையாகக் கற்கக் கற்க அடுத்ததன் விலை கூடும் என்பது அந்த ஆட்டத்தின் சட்டமாம். எனக்கு அது தெரியாது. இவள் வாங்குகிற ஆள் என்று தெரிந்ததும் விலையை ஏற்றும் கடைக்காரரை மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த வகைக் கடைக்காரர்களை நான் ஆத்தூரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே மருந்துதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பத்து அடி தாண்டுவதற்குள், இங்க வாங்கம்மா என்று கூப்பிடுவார்கள். நானும் ஆராய்ச்சியை அடியோடு நிறுத்தினேன். படித்தவர்களை எல்லாம் கடலைக்காட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தால் ஆசை இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். (செல்போனுக்கு என் முகம் தெரியும் என்று எப்படி நினைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.)

ஏழாம் நாள் காலை திறந்தேன். வெடிமருந்து அறுநூற்றுப் பத்து.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இருநூற்று இருபது பாயிண்ட் குறைத்திருக்கிறேன். சேகர் வந்ததும் சொல்ல வேண்டும், அந்த மனிதர் வாயடைத்து நிற்க வேண்டும் என்று கற்பனை ஓடியது. அதுவரை தாங்காமல், துவரம்பருப்பு வாங்கும் சாக்கில் சாதிக் பாய் கடைக்குப் போய் நடந்ததை எல்லாம் பெருமையாகச் சொன்னேன். மூன்று மாதமாக என்னிடம் பேரத்தில் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். பருப்பை நிறுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், தராசை அப்படியே வைத்துவிட்டார்.

“என்ர கடையில பேசறாப்பலயே அங்கயும் பேசுனீங்களா தங்கச்சி?”

ஆமாம் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். யாராவது என்னை உட்காரச் சொல்லி ஒரு செய்தி சொன்னால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை.

“அது நீங்க கொறச்ச வெலை இல்லீங்க. பக்கத்து நாட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்ச வித்தைன்னா நமக்குக் கத்துக்கறது சுளுவு, அதான் வெலை எறங்குது. போன வாரம் வெடிமருந்து யாருகிட்டயும் இல்ல. இப்ப எனக்கு வந்துருச்சு, மாரமங்கலத்துல ஆடறவருக்கு வந்துருச்சு. ரைட்டருக்கும் வந்துருச்சுங்க.”

அதாவது, ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்கு மலிவாகியிருக்கிறது. நான் நடந்துபோனதால் குறையவில்லை, நான் நடந்துகொண்டிருந்தபோது மற்றவர்கள் வாங்கிவிட்டார்கள். பாதியில் வேறு வித்தைக்கு மாறினால் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும் என்பதையும் பாய்தான் சொன்னார். அந்த நான்கு வரி சிவப்பு எழுத்து அதைத்தான் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு மட்டும் பருப்புக்கு நான் பேரம் பேசவில்லை. பாய் பயந்துபோய் ஒரு கைப்பிடி அதிகமாகவே போட்டுக் கொடுத்தார்.

சேகரோடு நடந்தவர்கள் கையில் செல்போன் இருந்தது. கூப்பிட்டுக் கேட்கலாம்தான். ஆனால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அவர் வேண்டுதல் கெட்டுவிடும். நாடு போனாலும் பரவாயில்லை, முருகனிடம் அவர் வாக்குத் தவறக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை ஆறு மணிக்குத் திறந்தால் மூன்று ஊர்களில் நாகலூர்க் கொடி பறந்தது. வெள்ளக்கடை போயிற்று, ஒர்க்‌ஷாப் போயிற்று, மாமியாரும் போயிற்று. கோமதிபுரம் மட்டும் பாக்கி. அதன் வாசலில் பீரங்கி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்காக ஒருவர் கட்டிய ஊர், அதை நானே தொலைத்தேன் என்று எப்படிச் சொல்லுவேன்? மாமியார் சுட்டு வைத்திருந்த முறுக்கில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு நாகலூர் பஸ்ஸில் ஏறினேன்.

காபிப் பழம் பறிக்கும் பருவம். எஸ்டேட்டில் பழத்துக்கு எடை போடும் நேரம். முப்பது பெண்கள் மூட்டையும் கையுமாக வரிசையில் நிற்க, தராசுப் பக்கத்தில் ரைட்டர் அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“அண்ணா, மூணு ஊரையும் எடுத்துக்கிட்டீங்க. என்ர பேர்ல இருக்கற அந்த ஒண்ணையாச்சும் உட்டுருங்க. அவரு பழனிக்கு நடந்து போயிருக்காருங்க.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஊர் என்றால் அவர்களுக்குச் செல்போனா ஞாபகத்துக்கு வரும்? கல்யாணமாகி மூன்று மாதம் ஆன பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் முறுக்கு டப்பா, கண்ணில் தண்ணீர். புருஷன் சாமிக்கு நடந்து போயிருக்கிற நேரம் பார்த்து இந்த ரைட்டர் நிலத்தைப் பிடுங்கிவிட்டார். முன்னால் நின்ற அக்கா மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார்.

“ஏனுங்க ரைட்டரே, உங்களுக்கு இது அடுக்குமுங்களா?”

ரைட்டர் அண்ணன் முகம் காபிப் பழ நிறத்துக்கு மாறியது. இது வெறும் விளையாட்டு என்றார். ஒரு பெண்ணின் நிலத்தோடு என்ன விளையாட்டு என்று பின்னால் ஒரு குரல். பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று இன்னொரு குரல். அவர் செல்போனை எடுத்து, இதோ பாருங்கள், இதுதான் ஊர், இதுதான் பீரங்கி என்று வரிசையில் கடைசி ஆள்வரை கொண்டுபோய்க் காட்ட வேண்டியதாயிற்று. விஷயம் புரிந்ததும் முப்பது பேரும் சிரித்த சிரிப்பில் நான் முறுக்கு டப்பாவுக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். ஆனாலும் அவர்கள் கட்சி மாறவில்லை. ஊரை விட்டால்தான் மூட்டையைத் தராசில் வைப்போம் என்றுவிட்டார்கள். அண்ணன் அங்கேயே நின்று பீரங்கியைப் பின்னால் போகச் சொல்லி உத்தரவு போட்டு, சமாதானத்துக்குச் சம்மதித்து, அதையும் எல்லாருக்கும் காட்டினார்.

“சண்டைக்காரன்கிட்டயே பலகாரத்தோட வந்தா நான் என்னத்தப் பண்றதுங்க அம்மிணி” என்று முறுக்கை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் மொட்டைத் தலையும் பஞ்சாமிர்தமுமாக சேகர் வந்தார். குளித்து, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு, அடுக்களை வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடிமருந்து இருநூறு பாயிண்ட்டுக்கு வந்திருந்தது. ஊர்கள் கூடக் கூட ஆராய்ச்சி விலையும் கூடும், குறைந்தால் குறையுமாம். ஒரே ஊர் மிஞ்சிய நாட்டுக்கு எல்லாமே அடிமாட்டு விலை.

“இத்தனை சல்லிசா நான் பாத்ததே இல்ல கண்ணு” என்றார் நிதானமாக. பிறகு கேட்டார், “பானையாச்சும் வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தார். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் உதிர உதிரச் சிரித்தார். ஒன்பது நாள் ஆட்டத்தை விட்டுத்தருகிறேன் என்று வேண்டிக்கொண்டதற்கு முருகன் நாட்டையே எடுத்துக்கொண்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமியார் தன் ஊர் போனதைக் கேட்டு, அலமாரியாவது அடித்திருந்தால் வீட்டில் இருந்திருக்கும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த மனிதரோடு காலம் முழுக்கக் குடும்பம் நடத்தலாம் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போனவர் ஒரு மண்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் புளி இருப்பது அதில்தான். பறிப்பு முடிந்ததும் ரைட்டர் அண்ணன் வருஷா வருஷம் காபித்தூளோடு வருவார், சாதிக் பாயையும் கூட்டிக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “பானை என்ன வெலைங்க?” என்பதுதான். சேகர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “மூணு ஊருங்க” என்பார். எங்கள் மகள் இப்போது நான்காம் வகுப்பு, அவளும் சேர்ந்து சொல்லுகிறாள்.

சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சந்தையில் அந்தப் பானைக்கு அவர் உண்மையில் என்ன கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் போயிருந்தால் பாதிக்கு வாங்கியிருப்பேன்.