பன்னிரண்டு மூச்சு யாருக்குச் சொந்தம்?

பனிமய மாதா துணை

தூத்துக்குடி
14-6-1978

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் நடத்தும் மேன்மை பொருந்திய மச்சான் இஞ்ஞாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை பிளாரன்ஸின் புருஷன் அம்புரோஸ் மிகுந்த கலக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உங்கள் சுகமும், உங்கள் வீட்டுக்காரி, தங்கச்சி விக்டோரியாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வக்கீலாக இருந்து படிக்கவும். சிரிப்பு வந்தால் மட்டும் மச்சானாகிக்கொள்ளலாம்.

துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணிய நான், ஓய்வு பெற்ற பிறகு ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். அதில்தான் வினை. கடைசியாக நான் சரக்கு எண்ணிய கப்பலின் சமையல்காரர், ஒரு டஜன் முந்திரி மக்ரூனுக்குப் பதிலாக அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு போர்வீரன் மலைக்கோட்டைக்குள் நுழைகிற கதை. ஆனால் நுழைகிறவன் அவன் இல்லை மச்சான், நாம்தான். ‘இடது வாசல் என்றால் ஒன்பதாம் பக்கம் போ, வலது வாசல் என்றால் பதினேழு’ என்று நம்மையே கேட்கிறது. நமக்கு இருபது பலம் உண்டு. அடிபட்டால் பென்சிலால் குறைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனவன் மூன்று நாள் வெளியே வரவில்லை. குளிக்கும்போதுகூட வலது பக்கம் சோப்புப் போட்டால் எந்தப் பக்கத்துக்குப் போவேனோ என்று நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு நானே எழுத உட்கார்ந்தேன். கோட்டையைக் கடலாக்கினேன். வீரனை முத்துக் குளிப்பவனாக்கினேன். பலத்தை மூச்சாக்கினேன். படிக்கிறவர் கையில் பன்னிரண்டு புளியங்கொட்டை. பக்கத்துக்கு ஒன்றாகக் கீழே வைக்க வேண்டும். கொட்டை தீருவதற்குள் கயிற்றை இழுத்து மேலே வந்துவிட வேண்டும். வராதவர்களுக்காகக் கடைசிப் பக்கத்தில் ஒரு செபம் சேர்த்திருக்கிறேன்.

முதலில் பிளாரன்ஸிடம் கொடுத்தேன். மணப்பாட்டில் உங்கள் அப்பா உங்களைத் தோணியில் ஏற்றிவிட்டு, பெண்பிள்ளை என்று அவளைக் கரையிலேயே நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, கொட்டைகளை மடியில் போட்டு, சன்னலோரம் உட்கார்ந்து அவள் கடலுக்குள் இறங்கினாள். வெளியே உப்பளத்து வெயில் வெள்ளையாகக் கொதித்தது. அவள் முகத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு நிழல் அசைந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஏழாவது கொட்டை, எட்டாவது கொட்டை. எனக்கே மூச்சு முட்டியது. கடைசிக் கொட்டையோடு மேலே வந்தாள்.

“என்னளா, எப்படி இருக்கு?” என்றேன்.

“அங்கன வெளிச்சம் பச்சையா கெடக்கு. சத்தமே இல்ல. நீங்க ஏன் அதெல்லாம் எழுதல?” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவளுக்கு முங்க வேண்டும். இருபத்திரண்டாம் பக்கத்தில் நான் வைத்திருந்த சுறாவைக்கூட, “நான் கூப்பிடாம அது எதுக்கு வருது?” என்று பென்சிலால் அடித்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் தெருக்கோடி கிருபாபாய் டீச்சர் இரண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கத உங்களுதுதான். ஆனா பக்கத்துக்குப் பக்கம் தாவுத வித்தையும் பலம் குறையுத கணக்கும் வெள்ளக்காரனுதுல்லா? காப்பிரைட்டுன்னு ஒண்ணு உண்டும். கேஸ் போட்டாம்னா?” என்றார். என் புத்தகத்தை அச்சடிக்க வாங்கிப்போக வந்திருந்த அச்சாபீஸ் செந்தூர்பாண்டி அண்ணாச்சி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதுவும் அடித்திராத மனிதர். “அச்சடிச்சவனையும் சேத்துல்லா உள்ள வைப்பான்!” என்று அப்போதே என் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வெள்ளைக்காரருக்கே எழுதி அனுமதி கேட்கலாமென்றால் அட்டையோடு பெயரும் போய்விட்டது. சரி, முறையை மாற்றுவோம் என்று பக்க எண்களை எடுத்துவிட்டு மீன் பெயர்களை வைத்தேன். ‘கயிற்றை இழுத்தால் சீலாவுக்குப் போகவும், இழுக்காவிட்டால் பாறைக்குப் போகவும்.’ படித்துப் பார்த்த டீச்சர் எந்த மீன் எந்தப் பக்கம் என்று தேடித் தேடி, முத்துக்காகக் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தவர் நேரே கதாநாயகனின் கல்யாண விருந்தில் ஈரத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்து, மூச்சு குறைவதற்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்று கூடட்டும் என்று மாற்றினேன். பிளாரன்ஸ் மத்தியானம் உள்ளே போனாள். மூச்சு தீரவே இல்லை. ஆகவே வரவும் இல்லை. மடி நிறையப் புளியங்கொட்டை. அடுப்பில் சோறு கருகி, கோவிலில் சாயந்தர மணி அடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, “அதுக்குள்ளயா?” என்றாள்.

நான் முடிவு செய்தேன். இந்த வயதில் கோர்ட்டுக்கு அலைய முடியாது, கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டுவிடலாம் என்றேன். அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்து நின்றாள்.

“பொஸ்தகம் வேணா உங்களுதா இருக்கட்டும். நான் அம்பது வருசம் கரையில நின்னவ. எனக்கு இப்பதான் கடல் கெடச்சிருக்கு. அத அடுப்புல போடுதேங்கியளா? தாயக்கட்ட உருட்டுததுக்கு எவன்கிட்ட அனுமதி வாங்குனோம்?”

பிரதியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். முப்பத்தோரு வருஷம் தினமும் கப்பலைப் பார்த்து வீட்டுக்கு வந்தவன் நான். ‘உனக்குக் கடலுக்குப் போக ஆசை இருந்ததா’ என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டதில்லை.

ஆகவே சட்டப்படி சொல்லுங்கள். ஒருவருடைய ஆட்டத்தின் முறையை எடுத்து இன்னொருவர் வேறு கதை எழுதினால் குற்றமா? குற்றமென்றால் எத்தனை மாதம்? சிறையில் புளியங்கொட்டை அனுமதிப்பார்களா? பதில் வரும்வரை பிரதி அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தம். மாதா உங்கள் வழக்குகளையெல்லாம் வெற்றியாக்கி, இந்த ஒன்றை வழக்காகாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக மூச்சைப் பிடித்திருக்கும்
அம்புரோஸ்

பி.கு.: தபாலாபீசுக்குப் போகும் வழியில் அச்சாபீஸில் நுழைந்தவன், ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். செந்தூர்பாண்டி அண்ணாச்சி மை காயாத தாள்களோடு நின்றார். “உங்க வீட்டம்மா போன வாரமே எழுதிக் குடுத்துட்டாவளே! ஆட்டத்தோட முறைக்கு யாருக்கும் உரிமை கெடையாது, எழுதுன எழுத்துக்குத்தான்னு வக்கீல் அண்ணன் போட்ட கடுதாசியையும் காட்டுனாவ” என்றார். வாங்கிப் பார்த்தேன். கடிதத்தில் உங்கள் கையெழுத்துதான் மச்சான். அச்சான புத்தகத்தில் என் வரி ஒன்றுகூட இல்லை. எண்கள் இருக்கின்றன, பன்னிரண்டு மூச்சு இருக்கிறது, மற்றதெல்லாம் அவளுடைய கடல். எழுதியவர்: பிளாரன்ஸ். ஆகையால் மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடவும். வெள்ளைக்காரர் என் மேல் வழக்குப் போடுவதிருக்கட்டும், என் மனைவி மேல் நான் போட முடியுமா என்று மட்டும் சொல்லவும். அவசரமில்லை. புளியங்கொட்டைக்குப் பதிலாக அண்ணாச்சியிடம் பன்னிரண்டு ஈய அச்செழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அவருடைய ஸ்டூலிலிருந்தே அவள் கடலுக்குள் இறங்கியிருக்கிறேன். எட்டு போய்விட்டது. இங்கே வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கிறது. யாரோ கடையைப் பூட்ட வேண்டுமென்று சொல்வதுபோலிருக்கிறது; சரியாகக் கேட்கவில்லை.