மருத்துவத் தமிழும் மூன்று நாள் ஓய்வும்

தன்னைத்தானே புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளும் வயதில் யாருக்கும் பொறுப்பு எதையும் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் டீச்சராக இருந்தேன். பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் ஆறு பேர், எல்லாரும் சிங்களப் பிள்ளைகள். நோயாளியிடம் பேசும் அளவுக்கு அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும். கரும்பலகை போதாதா? நான்தான் மேதையாயிற்றே! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கே, அழைத்துப் போனேன்.

"எல்லாரும் நோயாளியா நடிங்க, புள்ளைங்க பேசிப் பழகட்டும்" என்றேன். லயமே வரிசையில் நின்றது. மாணவர்கள் "எங்கே வலிக்குது? எத்தனை நாளா?" என்று விசாரித்து, நான் பழக்கியபடியே "மூன்று நாள் ஓய்வு தேவை" என்று துண்டுச் சீட்டு எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. (டாக்டர் துண்டு கொடுத்தால் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்பது, தோட்டத்திலேயே பிறந்த எனக்கு அன்றைக்கு மட்டும் மறந்துபோனது.)

திங்கள் காலை, ஆளை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அப்பா தன்னந்தனியாக நின்றார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அவர்தான் கங்காணி. கொழுந்தோ முற்றிக்கொண்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை மலைக்கு வரும்போது ஆளில்லாவிட்டால் கங்காணி வேலை போய்விடும்.

கை நிறையத் துண்டுகளோடு வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, ஒரே நாள்ல லயத்துக்கே சீக்கு வர வச்சிட்டியே!"

அழுதுகொண்டே வீடு வீடாக ஓடினேன். "அக்கா, சும்மா நடிக்கத்தானேக்கா சொன்னேன்!"

"நாங்க நடிச்சோம் டீச்சர். டாக்டருங்க நெசமாத்தானே எழுதிக் குடுத்தாங்க?" என்றார் மாரியாயி அக்கா. பிறகு மூக்கொழுகும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்தார். "கங்காணி மொகத்துக்காக வாறோம். ஒங்க மொகத்துக்காக இல்ல."

மற்றவர்களும் கிளம்பினார்கள். துரை வந்தபோது மலை நிறைய ஆள் இருந்தது. ஒருவர் மட்டும் வரவில்லை. என் அம்மா.

கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார். "மூணு நாள்னு போட்டிருக்கு, மூணு நாளும் படுப்பேன். முதுகு வலிக்குதான்னு அந்தப் புள்ளதான் கேட்டுச்சு. இந்த வீட்டுல யாரு கேட்டீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா மலையிலிருந்து திரும்பி அம்மா சொன்னதைக் கேட்டார். நேராக அடுப்பு மூட்டப் போனார்.

மூன்று நாளும் அப்பா சமையல். அதைத் தின்று எனக்கும் அவருக்கும் நிஜமாகவே வயிற்றுவலி வந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை யாராவது ரொட்டியைக் கருக்கினால், "யாருக்குடா மூணு நாள் ஓய்வு?" என்று கேட்டுச் சிரிப்போம். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்குவார்.