கயிற்றில் வந்த தாய்மாமன் சீர்

ஒரு கார் நடுவழியில் கிளம்பாமல் நின்றுவிட்டால், அதற்கான காரணம் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியாது. எனக்கு அரைகுறையாக ஓட்டத் தெரியும். ஆனால் அன்றைக்கு அரைகுறையாகக்கூட ஒன்றும் விளங்கவில்லை.

அந்தக் காரை நான் வாங்கியதே ஒரு டவுன் பஸ்ஸால்தான். என் தங்கை செல்வியைக் குடுமியான்மலைக்குப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வளைகாப்புக்கு நானும் என் மனைவி மலரும் அம்மாவும் திருக்கோகர்ணத்திலிருந்து சீர்த்தட்டுகளோடு பஸ் ஏறிப் போனோம். கூட்டத்தில் யாரோ லட்டுத் தட்டில் காலை வைத்துவிட்டார். (யாரோ என்ன யாரோ, நான்தான்.) செல்வியின் மாமியார் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "பாவம், சீரு டிக்கெட் எடுத்து நின்னுக்கிட்டே வந்திருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை அதற்கப்புறம் என்னைத் தூங்கவிடவில்லை.

அவளுக்குப் பெண் பிறந்து, காதுகுத்துக்கு நாள் வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன். நான் போய் உட்காராமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். "இந்தத் தடவை சொந்தக் கார்லதான் வருவேன், ஒன் மாமியாக்கிட்டச் சொல்லிரு" என்று போனில் அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் கார் தேடக் கிளம்பினேன். அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு பழைய டீசல் கார். ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டில் பாத்திரம் ஆடும். "டீசல்னா அப்படித்தாங்க, சத்தம் இருந்தாத்தான் ஆரோக்கியம்" என்றார் புரோக்கர். நான் பெரிய விவரஸ்தன் மாதிரித் தலையாட்டினேன்.

விசேஷத்தன்று காலை பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்தில் மலர், பின்சீட்டில் அம்மா, அம்மாவைச் சுற்றித் தட்டுகள். டிக்கியில் ஒரு கறுப்புக் கிடா. (எங்கள் பக்கம் கிடா இல்லாமல் போனால் மாமனை மாமனாகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.) கார் அன்றைக்கு அவ்வளவு அழகாக ஓடியது. ஊர் நெருங்க ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும்போது அம்மா, "அந்த முனியசாமி கோயில்ல நிறுத்துடா. புது வண்டிக்கு ஒரு பூசை போட்டுட்டுப் போவம்" என்றார். எட்டு வருடம் ஓடிய புது வண்டியை ஓரங்கட்டினேன்.

பூசாரி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், சூடம் காட்டினார். "வேற என்ன வேணும் ஆத்தா?" என்று கேட்டார்.

"பய தெருவுலதான் நிறுத்துறான் சாமி. களவு போகாம இருக்கணும்."

பூசாரி சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது சாவியின் கறுப்புத் தலையைச் சுற்றிச் செப்புத் தகடு இறுக்கி மடித்து, மேலே சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. "இந்தத் தகடு இருக்கிற வரைக்கும் ஒருத்தன் இந்த வண்டிய அசைக்க முடியாது" என்றார். அம்மா கும்பிட்டு வாங்கி என்னிடம் கொடுத்தார்.

நான் ஏறிச் சாவியைத் திருகினேன். கிர்ர் கிர்ர் கிர்ர் என்றது. அவ்வளவுதான். மறுபடி திருகினேன், மறுபடி கிர்ர்.

"ஏங்க, சாவிப் படம் போட்ட லைட்டு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு மினுக்குதே, அது என்ன?" என்று மலர் கேட்டாள்.

"சாவி உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்றேன். என்ன ஒரு ஞானம்!

புரோக்கருக்குப் போன் போட்டேன். "ஹீட்டர் லைட் அணைஞ்சதும் திருகுங்க சார். டீசல் என்ஜின் சூடானாத்தான் எடுக்கும்" என்றார். சித்திரை மாத வெயில். கிடாவே நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது. இந்தக் காருக்கு இன்னும் எவ்வளவு சூடு வேண்டுமாம்?

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பைக்கில் பால் கேனோடு போனவர் இறங்கி, "டீசல்ல ஏர் எடுத்துருச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். பானெட்டைத் திறந்து, பில்டருக்கு மேலே இருந்த கைப்பம்பை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். எதையோ லூஸ் செய்தார். டீசல் பீய்ச்சி என் பட்டு வேட்டியில் விழுந்தது. "ஏர் போயிருச்சு, இப்ப அடிங்க" என்றார். கிர்ர் கிர்ர். ஏர்தான் போனது, கூடவே என் வேட்டியும் போனது. அடுத்து ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மாள், "கிடாவ எறக்குங்க. தனக்கு நேந்ததுன்னு நெனச்சு முனி புடிச்சிருக்கு" என்றார். கிடாவை இறக்கினோம். அது நேராகப் போய்க் காருக்குப் போட்டிருந்த மாலையைத் தின்றது. எங்கள் அம்மாவோ, "எலுமிச்சம்பழம் நசுங்கல, அதான் சாமி உத்தரவு குடுக்கல" என்றார். அதையும் விடுவானேன் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். பழங்கள் நசுங்கின. இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டுப் பார்த்தேன். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

மலர் இன்னும் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த லைட்டு…" என்று ஆரம்பித்தாள். "செத்த நேரம் சும்மா இருக்கியா?" என்று எரிந்து விழுந்தேன்.

போன் அடித்தது. செல்வி. குரல் தாழ்ந்திருந்தது.

"எங்கண்ணே இருக்க? நல்ல நேரம் முடியப்போகுது. எங்க அத்த ரெண்டு தடவ வாசல்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டாங்க."

"ஆட்டோ புடிச்சுப் போயிருவம்டா" என்றார் அம்மா. அறிவுள்ள யோசனை. ஆனால் எனக்கு அந்த லட்டுத் தட்டுதான் கண்முன் வந்தது. "போனா கார்லதான் போவேன்" என்றேன். டீசல் நாற்றத்தோடு, மாலை தின்ற கிடாவைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு வீராப்பு! செல்வியிடம் உண்மையைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் மாமனார் அனுப்பிய டிராக்டர் வந்தது. டிரைவர் இறங்கினார். கயிற்றை எடுத்தார், கட்டினார்.

இப்படியாக நான் சொன்ன சொல் தவறாமல் சொந்தக் காரில் போய்ச் சேர்ந்தேன். ஊர் எல்லையில் சீரை எதிர்கொள்ள மேளம் நின்றிருந்தது. முன்னால் மேளம், அதற்குப் பின்னால் டிராக்டர், அதற்குப் பின்னால் கயிறு, கயிற்றின் முனையில் நான். தலைக்கு மேலே வீடியோக்காரரின் டிரோன் வேறு சுற்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பார்த்துக் கையசைத்தேன். பின்கண்ணாடி வழியாகக் கிடாவும் பார்த்தது. வாசலில் செல்வியின் மாமியார் நின்றிருந்தார். நான் செல்வியைத்தான் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் மாமியாரும் அதே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

மடியில் வைத்துக் காது குத்தினோம். பிள்ளை வீறிட்டு அழுதது. எது காட்டியும் அடங்கவில்லை. அம்மா என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, "வண்டிக்குத்தான் ஒதவல, பிள்ளைக்காவது ஆகட்டும்" என்று தகட்டைக் கழற்றித் தொட்டில் கயிற்றில் கட்டினார். பிள்ளை தூங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு செல்வியின் புருஷன், "சாவியக் குடுங்க மச்சான், நானும் ஒருக்கா பாக்குறேன்" என்று கேட்டார். கொடுத்தேன். ஒரே திருகுதான். கார் கர்ஜித்துக்கொண்டு கிளம்பியது. ஊரே கைதட்டியது. "எம்மகன் கை பட்டாப் போதும்" என்றார் மாமியார். "டீசல் வண்டிய அனுசரிச்சு ஓட்டணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது மலர், "இப்ப அந்த லைட்டு மினுக்கல" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை அவளே சாவித் தலையில் சுற்றிக் கொடுத்தாள். திருகினேன். கிர்ர் கிர்ர். தாளை எடுத்தேன். கிளம்பியது. சாவியின் தலைக்குள்தான் காருக்கு அடையாளம் சொல்லும் சிப் இருக்கிறதாம். தகட்டை முக்காடாகப் போட்டதும் கார் எங்களைக் களவாணிக் கூட்டம் என்று நினைத்துவிட்டது. ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அசரவே இல்லை.

"பூசாரி என்னடா சொன்னாரு? ஒருத்தன் அசைக்க முடியாதுன்னுதான சொன்னாரு? அசைக்க முடிஞ்சுதா ஒன்னால?"



போன தை மாதம் செல்வியின் மகனுக்குக் காதுகுத்து. கார் அதே கார்தான், இப்போது நன்றாகவே ஓடுகிறது. ஊர் எல்லையில் பார்த்தால் டிராக்டர் கயிற்றோடு நிற்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வியின் மகளின் ஏற்பாடு. தன் காதுகுத்து வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவள் அவள். தம்பிக்கும் மாமன் அப்படித்தான் வர வேண்டும் என்று ஒரே அழுகையாம். அவள் அப்பத்தாவும் (அதாவது செல்வியின் மாமியார்தான்), "பிள்ள ஆசப்படுதுல்ல, கட்டுங்க கயித்த" என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை அணைத்தேன். கயிறு கட்டினார்கள். மருமகள் ஓடிவந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மேளம் முழங்க இருவரும் டிரோனுக்குக் கையசைத்துக்கொண்டே போனோம். பாதி வழியில் அவளுக்கு ஒரு சந்தேகம்.

"மாமா, ஒங்க காரு தானா ஓடுமா?"

"ஓடுமே. ஒங்க ஊருக்கு வாரப்ப மட்டும் ஓடாது."