நோங்கோக் உரல் திருவிழா

"சனிக்கிழமை" என்று சம்லீயின் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

கூண்டுக்கு வெளியே நின்ற மனிதர் தோள்பையைத் தரையில் இறக்கி வைத்தார். வெயிலில் காய்ந்த முகம், கறுப்புக் கண்ணாடி, நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு எழுத்து போட்ட சட்டை. பேங்காக் பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியவர். "ஙான் ஏதாவது இருக்கா மேடம்?" என்றுதான் கேட்டார்.

நோங்கோக் பஸ் நிலையத்துச் சுற்றுலாத் தகவல் கூண்டில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து சம்லீயிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவளிடம் கேட்பதெல்லாம் கழிப்பறை எங்கே என்பதுதான். அதற்கு அவள் வாயைக்கூடத் திறப்பதில்லை, கை தானாக இடப்பக்கம் நீளும். அங்கே வாசலில் நாற்காலி போட்டுச் சில்லறை வாங்கும் பிரசித், "என் டிபார்ட்மென்ட்டுக்கு நீதான் ஏஜென்ட்டு, லீ" என்பான்.

இந்த நாட்டில் எந்த மாதம் எந்த ஊரில் என்ன திருவிழா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சம்லீ சொல்லுவாள். ஒன்றையும் பார்த்ததில்லை. எங்கள் பேச்சில் திருவிழாவுக்கும் ஙான்தான், வேலைக்கும் ஙான்தான். ஊருக்கு முதல் ஙான் வரும்போதெல்லாம் அவளுக்கு இரண்டாவது ஙான் வந்துவிடும். சித்திரைப் புத்தாண்டில் நாடே தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டு தெப்பலாக நனையும். சம்லீ மட்டும் இஸ்திரி கலையாத சீருடையில், கூண்டுக்குள், ஒரு சொட்டு படாமல் உட்கார்ந்திருப்பாள்.

நோங்கோக்குக்கென்று சொந்தத் திருவிழாவும் கிடையாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார். அது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் சனிக்கிழமை.

"என்ன மாதிரி ஙான்?"

சம்லீ சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே புவாவின் சாப்பாட்டுக் கடையில் உரல் டொக் டொக் என்று இடிபட்டுக்கொண்டிருந்தது. பச்சைப் பப்பாளி, மிளகாய், ஊறல் மீன்.

"உரல்" என்றாள். "உரல் திருவிழா."

அவர் யோசித்தார். "உரல்னா பாரமாத்தான் இருக்கும். பரவாயில்ல, தூக்கிருவேன்."

சம்லீ சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைக் கேட்டுப் பிரசித் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"தங்க இடம் உண்டா மேடம்?"

"கோயில்ல மண்டபம் இருக்கு. மேடம் எல்லாம் வேண்டாம். சம்லீன்னு சொல்லுங்க."

"என் பேரு புன்மா." பையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.

அவர் மறைந்ததும்தான் சம்லீக்கு உறைத்தது. சனிக்கிழமை அந்த மனிதர் வந்து நின்றால் எதைக் காட்டுவது? கூண்டைப் பூட்டிவிட்டுப் புவாவிடம் ஓடினாள்.

"புவாக்கா, சனிக்கிழமை மட்டும் இன்னொரு உரல் சேத்துப் போடேன். ரெண்டு பொம்பளைங்க பட்டுப் பாவாட கட்டி இடிக்கட்டும். வெளியூர்க்காரர் ஒருத்தர் பாக்கணும்னாரு."

புவா உலக்கையை நிறுத்தினாள். "என் கடைக்கு ஏண்டி வரமாட்டேங்கிற இப்பல்லாம்?"

புவா இடித்தால் ஒரு முழு உரல் இடிப்பாள். அரை உரல் கேட்டால் அடிக்க வருவாள். ஒரு உரல் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். சம்லீயின் புருஷன் தைவானுக்கு ஆலை வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்ட பிறகு, மிச்சத்தை வாடகை அறைக்குக் கொண்டுபோய், அது இரவெல்லாம் நாறி, காலையில் கொட்டி, ஒருநாள் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

"வெளியூர்க்காரர்னா?" புவாவின் கண் இடுங்கியது. "ஆம்பளையா?"

"சுற்றுலாப் பயணி."

"அப்ப ஆம்பளைதான்."

சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. புவா இரண்டு உரல் போடுகிறாள் என்று கேட்டதும் எதிர்க்கடைக்காரி நான்கு என்றாள். புவா எட்டு என்றாள். கோயில் ஒலிபெருக்கியில், மறுநாள் விடிவதற்குள், சனிக்கிழமை உரல் திருவிழாவுக்கு அனைவரும் வருக என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதைக் கேட்டு மாவட்ட அலுவலகத்துத் துணை அதிகாரி காரிலேயே வந்து கூண்டுக்கு முன்னால் இறங்கினார்.

"என்னம்மா இது, என் மாவட்டத்துல எனக்குத் தெரியாம ஒரு திருவிழா? எப்ப முளைச்சுது?"

புதிதாக முளைத்தது என்றால் சீட்டுக் கிழிந்துவிடும். "ரொம்பப் பழசுங்க ஐயா" என்றாள் சம்லீ. "நடுவுல நின்னுபோச்சு."

அவள் நினைத்தது, பழசு என்றால் விட்டுவிடுவார் என்று. அவர் முகம் பெட்ரோமாக்ஸ் மாதிரி பளிச்சென்றாகிவிட்டது.

"பழசா! புராதனம்! பக்கத்து மாவட்டத்தான் பேய் முகமூடி வச்சு மிரட்டுறான். யசோதோன்காரன் ராக்கெட் விடுறான். நாம என்னத்தக் கண்டோம்? சொல்லும்மா, என்ன கதை இதுக்கு?"

சம்லீ தொண்டையைச் செருமினாள். "ஒரு பொம்பள தனியா இருந்தாளாம். தினம் சாயங்காலம் உரல் இடிப்பாளாம். சத்தம் கேட்டு ஒருத்தராவது சாப்பிட வரமாட்டாங்களான்னு."

"வந்தாங்களா?"

"அது… வந்தாங்க ஐயா. ஊரே வந்துச்சு."

"அருமை! அந்தப் பொம்பளையோட உரல் பெரிய உரலா இருக்கணும். ஆள் உயரத்துக்கு. ஊர்வலமா தூக்கிட்டு வரணும்." காரில் ஏறப்போனவர் திரும்பினார். "சனிக்கிழமை சுற்றுலா அமைச்சக ஆள் ஒருத்தரும் வர்றார். ஏதாவது சொதப்பலாச்சு, கூண்டைப் பேத்துட்டு அந்த இடத்துல ஐஸ்பெட்டி வச்சிருவேன்."

அதன் பிறகு சம்லீ சரிசெய்யப் போனதெல்லாம் பெருத்தது. ஆள் உயர உரலுக்கு மரம் இல்லை, பழைய தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துப் பெயின்ட் அடிக்கலாம் என்றாள். தொட்டியைத் தூக்க ஆள் இல்லை. லாரி கேட்டாள். லாரிக்காரன் தன் மச்சானின் பாட்டுக் குழுவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தான். பாட்டுக் குழுவுக்கு மேடை வேண்டும், மேடைக்கு மூங்கில் வேண்டும், மூங்கில் கட்டுகிறவர்களுக்குச் சோறு வேண்டும்.

நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. புன்மா சும்மா இருக்கவில்லை. விடிந்ததும் வந்து நின்றார். "என்ன செய்யணும் சம்லீ?"

"நீங்க எதுக்குங்க? நீங்க விருந்தாளி. சும்மா வேடிக்கை பாருங்க."

"வேடிக்கை பாக்கவா வந்தேன்?" என்று சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு தொட்டியின் ஒரு பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். மூங்கில் பிளந்தார், குழி தோண்டினார், ஒயர் இழுத்தார். மற்றவர்கள் நிழலில் சிகரெட் பிடிக்கையில் இவர் மட்டும் அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார். கடப்பாரை பிடித்துக் காய்த்துப்போன கைகள். பேங்காக்கில் தோட்டம் வைத்திருப்பார் போல என்று சம்லீ நினைத்துக்கொண்டாள்.

"உனக்காகத்தாண்டி உழைக்கிறான்" என்றாள் புவா.

"போக்கா."

"திருவிழா பாக்க வந்தவன் எவன் குழி தோண்டுவான்? நீயே சொல்லு."

அன்று மாலை சம்லீ அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்த பட்டுப் பாவாடையை எடுத்து வெளியே உதறினாள். ஒரே ஒரு திருவிழாவில், கூண்டுக்கு வெளியே, ஒரு ஆளோடு நடக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

சனிக்கிழமை சுற்றுவட்டார கிராமமெல்லாம் டிராக்டரில் வந்து இறங்கியது. சம்லீ பட்டுப் பாவாடையும் காதோரம் பூவுமாக வந்தாள். துணை அதிகாரி அவளைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"எங்கம்மா போற? இன்னிக்குத்தானே கூண்டுல ஆள் வேணும்? வர்றவன் யார்கிட்ட விசாரிப்பான்?"

அப்படியாக, தானே பெற்றெடுத்த திருவிழாவையும் சம்லீ கூண்டுக்குள்ளிருந்துதான் கேட்டாள். தொட்டி உரல் ஆடி ஆடிப் போனபோது, கூட்டத்துக்கு மேலே அதன் விளிம்பு மட்டும் தெரிந்தது. சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே தாளத்தில் இடித்தார்கள். அமைச்சக ஆள் கை தட்டினார். அவள் வாயிலிருந்து வந்த கதையை மேடையில் துணை அதிகாரி தன் பாட்டி சொன்னதாகச் சொன்னார். கூண்டுக்கு முன்னால் நீண்ட வரிசை. நாள் முழுக்க அவள் கை இடப்பக்கம் நீண்டபடியே இருந்தது. பிரசித்துக்குச் சில்லறை வைக்க இடமில்லை.

பொழுது சாய, கூட்டம் கரைந்தது. துணை அதிகாரி மேடை கட்டியவர்களுக்குக் கூலி உறை கொடுத்துக்கொண்டு வந்தபோது புன்மாவும் வரிசையில் நின்று கை நீட்டினார். எவ்வளவு குறும்பான மனிதர் என்று சம்லீக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு அவர் கூண்டுக்கு வந்தார். கையில் புவா கொடுத்தனுப்பிய ஒரு முழு உரல் பப்பாளியும், ஒட்டரிசிச் சோறும்.

"நீங்க சாப்பிட்டிருக்க மாட்டீங்களே."

பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். உறைப்பில் இருவருக்கும் மூக்கு ஒழுகியது. தட்டில் மிச்சம் விழவில்லை.

"நல்ல ஙான், சம்லீ" என்றார் புன்மா. "இப்படி ஒரு ஙான் கிடைச்சு ரொம்ப நாளாச்சு."

"நீங்க எதையும் உட்கார்ந்து பாக்கவே இல்லையே!"

"உட்கார்ந்தா கை நமநமங்குது." விரலை நக்கினார். "நாளைக்கும் இருக்குமா?"

"தினம் வைப்பாங்களா திருவிழா? அடுத்த வருஷம்தான்."

அவர் முகம் வாடியது. சம்லீ அவர் பக்கம் திரும்பினாள். "ஏன், வேற ஊர்ல இல்லையா? மே மாசம் யசோதோன்ல ராக்கெட் ஙான்."

"அங்க என்ன தூக்கணும்?"

"ராக்கெட்டைத் தூக்கலாம்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, விரலை மடக்கினார். யாரும் கேட்காமல் அவளுக்குள் கிடந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. தான்சாய் பேய் முகமூடிக்குத் தேதியை ஆவி வந்துதான் சொல்லும், அதனால் முன்னாடியே போய்க் காத்திருக்கணும். உபோனில் மெழுகுத் தேரை இழுக்கணும். சுரினில் யானைக்குச் சோறு போடணும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு விரல் மடக்கினார். இவ்வளவு கவனமாக அவளை யாரும் கேட்டதில்லை.

"நவம்பர்ல பௌர்ணமிக்கு ஆத்துல விளக்கு விடணும். வாழைத்தண்டுல பூவும் மெழுகுவர்த்தியும் வச்சு…" அவள் குரல் இறங்கியது. "அது மட்டும் ரெண்டு பேராப் போனாத்தான் நல்லாருக்கும்."

புன்மா அதற்கும் ஒரு விரல் மடக்கினார். "ஆமா. வாழைத்தண்டு நறுக்க ஒருத்தர், பூக் குத்த ஒருத்தர்."

சம்லீ இருட்டியதற்கு நன்றி சொல்லிக்கொண்டாள். முகம் அப்படிச் சிவந்திருந்தது.

காலையில் முதல் பஸ்ஸில் ஏறும்போது அவர் படியில் நின்று திரும்பினார். "வருஷம் பூரா வழி காட்டிட்டீங்க சம்லீ. மறக்க மாட்டேன். மே மாசம் யசோதோன்ல இருப்பேன். வாங்களேன்."

பஸ் போன தூசி அடங்குவதற்குள் சம்லீ மாவட்ட அலுவலகத்துக்கு போன் போட்டு மே மாதத்தில் லீவு கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் லீவு. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கூண்டைத் துடைத்தாள்.

"என்ன லீ, முகத்துல லைட்டு எரியுது?" என்றான் பிரசித், வாளியைக் கவிழ்த்தபடி.

"யசோதோனுக்குப் போறேன் அண்ணே. ராக்கெட் விடுறதப் பாக்க. அவரு அங்க காத்திருப்பாரு. அந்த மனுஷனுக்குத் திருவிழான்னா அவ்வளவு பைத்தியம். முன்னப்பின்ன தெரியாத ஊருன்னும் பாக்காம, பஸ்ஸ விட்டு இறங்கின உடனே நேரா என்கிட்ட வந்து கேட்டாரு பாரேன்!"

"நேரா எங்க வந்தான்? முதல்ல என்கிட்டத்தான் வந்தான்" என்றான் பிரசித். "'ஙான் ஏதாவது இருக்காண்ணே, மூட்டை தூக்குவேன், சிமென்ட்டு கலக்குவேன், கக்கூஸ்கூடக் கழுவுவேன்'னு கேட்டான். கழுவ நான் ஒருத்தன் போதும், அந்தக் கூண்டுக்குள்ள ஒருத்தி சும்மாதான் உக்காந்திருக்கா, அவளக் கேட்டுப் பாருன்னு நான்தான் அனுப்பிவிட்டேன்."